அந்நியனுக்கு விட்ட இடம்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கம்பனையும் சிலம்பையும் கேட்டுப் பழகிய மேடை இது. இன்றைக்கு இதில் ஸ்க்ரூ டிரைவரைப் பற்றிப் பேச ஓர் ஆளை அழைத்திருக்கிறீர்கள். தைரியசாலிகள்தான். மேசைக் கணினியில் ஒரு கார்டு பொருத்துவது எப்படி என்பது எனக்குத் தந்த தலைப்பு. அதற்குத்தான் கடைப் பையன் இருக்கிறானே, கூட்டம் போட்டுப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நியாயம்தான். பொருத்துவது கால் மணி நேர வேலை. ஆனால் பொருத்துவதற்கு அங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறதே, அது எப்படி வந்தது? யார் விட்டது? யாருக்காக விட்டது? கைவேலையையும் பேசுவோம், இந்தக் கேள்வியையும் பேசுவோம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மேசைக் கணினியை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். சென்னை ரிச்சி தெருவில் நடந்தால் இப்படிப்பட்ட பெட்டிகளை அடுக்கடுக்காகப் பார்க்கலாம். வீட்டில் மகள் வீடியோ எடிட்டிங் கற்கிறாள். கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்கிறாள். உடனே கடைக்கு ஓடலாமா? கூடாது. முதலில் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

என்ன பார்க்க வேண்டும்? உயரம் பார்க்க வேண்டும். சாதாரண கார்டின் பின்புறத் தகடு ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். ஒல்லியான அலுவலகக் கேபினெட்டுக்குள் அது நுழையாது. அதற்கென்று 8 சென்டிமீட்டர் தகட்டோடு லோ புரொஃபைல் கார்டு தனியாக வருகிறது. நீளம் பார்க்க வேண்டும். எதிரே ஹார்ட் டிஸ்க் கூடு வந்து இடிக்குமா என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைப் பார்க்க வேண்டும். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் எத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கும். மதர்போர்டு என்ற பிரதானப் பலகையில் கார்டு சொருகும் நீளமான ஸ்லாட், தரநிலைப்படி, ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். ஆறு பின் இணைப்பு இன்னொரு 75 வாட் தரும். எட்டு பின் இணைப்பு 150 வாட் தரும். அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் அந்த ஒயரே இருக்காது. ஆகவே நம் உதாரணத்துக்கு, ஸ்லாட் தரும் மின்சாரத்திலேயே ஓடும் சின்ன கார்டுதான் சரி. விளையாட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

சரி, கார்டு வந்துவிட்டது. இனி கைவேலை.

கணினியை ஷட் டவுன் செய்யுங்கள். தூங்க வைத்தால் போதாது, அணைக்க வேண்டும். யு.பி.எஸ்.ஸை அணையுங்கள். பின்பக்க மின் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஒருமுறை சில விநாடிகள் அழுத்துங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும். ஒயர் சொருகியிருந்தால் எர்த் கிடைக்குமே என்று சில புத்தகங்களில் படித்திருப்பீர்கள். நம் வீட்டுப் பிளக் பாயிண்டில் மூன்றாவது துளைக்குப் பின்னால் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்று எத்தனை பேர் சோதித்திருக்கிறோம்? பிடுங்கிவிடுவதே மேல். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் நேர்மின்சாரமாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் அங்குள்ள கெபாசிட்டர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். மற்றதைத் தொட்டால் மிஞ்சிப்போனால் கார்டு போகும். அதைத் தொட்டால் ஆள் போகலாம்.

இன்னொரு எதிரி உண்டு. கண்ணுக்குத் தெரியாத எதிரி. அது நம் உடம்பிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும் நிலைமின்சாரம். சுமார் 3,000 வோல்ட்டுக்கு ஏறினால்தான் நம் விரலில் சுருக்கென்று தெரியும். சில்லுகளில் பல அதில் பத்தில் ஒரு பங்குக்கே கெட்டுப்போகும். நமக்குத் தெரியாமலே கொன்றுவிடுவோம். கடலோரத்துப் புழுக்கத்தில் இந்தத் தொல்லை குறைவு, ஏ.சி. அறையில் நைலான் உடுத்தி உட்கார்ந்தால் அதிகம். வேலைக்கு முன்னும் நடுநடுவிலும் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பை ஒரு கணம் தொடுங்கள். உங்கள் உடம்பும் பெட்டியும் ஒரே நிலைக்கு வந்துவிடும். அவ்வளவுதான்.

இப்போது பெட்டியைப் படுக்க வையுங்கள். பக்கக் கதவைக் கழற்றுங்கள். தூசி தெரிகிறதா? தெரியும். பிரஷ்ஷால் தட்டுங்கள். பின்பக்கம் பாருங்கள்: வரிசையாக நாலைந்து இரும்புத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்க்ரூ. ஒன்றைக் கழற்றுங்கள். விலை குறைந்த கேபினெட்டில் ஸ்க்ரூவே இருக்காது. தகட்டை முன்னும் பின்னும் ஆட்டி உடைத்தெடுக்க வேண்டும். ஓரம் பிளேடு, கையைக் கிழிக்கும், கவனம்.

தகடு போன இடத்தில் என்ன தெரிகிறது? ஒரு சந்து. அதற்கு நேராக மதர்போர்டில் ஒரு நீளமான ஸ்லாட். காலியாக இருக்கிறது. கணினியைச் செய்த கம்பெனிக்கு உங்களைத் தெரியாது. உங்கள் மகளைத் தெரியாது. நீங்கள் வாங்கி வந்த கார்டைச் செய்தவன் யாரென்றும் தெரியாது. ஆனாலும் அந்தக் கம்பெனி இடம் விட்டிருக்கிறது. வீடு கட்டும்போதே, யாரென்று தெரியாத வழிப்போக்கனுக்காகத் தெருப்பக்கம் திண்ணை வைத்துக் கட்டினார்களே நம் ஊரில், அதே மனசு. அந்த மனசு எங்கிருந்து வந்தது?

1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆல்ட்டேர் 8800 என்று ஒரு கணினிக் கிட் வந்தது. விசைப்பலகை இல்லை, திரை இல்லை. ஆனால் உள்ளே நூறு தொடுமுனை கொண்ட ஸ்லாட்டுகள் இருந்தன. வேண்டியதை நீயே செய்து சொருகிக்கொள் என்றது. சொருகினார்கள். யார் யாரோ செய்து விற்றார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து ஆப்பிள் நிறுவனத்தின் ஆப்பிள் 2 கணினி. இங்கேதான் அதன் நிறுவனர்கள் இருவருக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் என்ன சொன்னார்? இரண்டு ஸ்லாட் போதும். ஒன்று பிரிண்டருக்கு, ஒன்று மோடத்துக்கு என்றார். ஸ்டீவ் வாஸ்னியாக் என்ன சொன்னார்? எட்டு வேண்டும் என்றார். எட்டு எதற்கு என்று கேட்டால் வாஸ்னியாக்கிடம் பட்டியல் இல்லை. யாராவது ஏதாவது செய்வார்கள் என்ற நம்பிக்கைதான் இருந்தது. எட்டுதான் நின்றது. 1978இல் அதே ஸ்லாட்டில் ஃப்ளாப்பி டிஸ்க் கார்டு ஏறியது. 1980இல் மைக்ரோசாஃப்ட் தன் முதல் வன்பொருளை விற்றது. அதுவும் ஆப்பிள் 2இன் ஸ்லாட்டில் ஏறும் கார்டுதான். இசட்-80 என்ற வேறொரு செயலியைச் சுமந்து வந்த கார்டு. இந்த வழக்கில் என் தீர்ப்பு வாஸ்னியாக் பக்கம்தான்.

பிறகு வந்தது ஐ.பி.எம். 1981 ஆகஸ்ட் 12. ஐந்து ஸ்லாட். அந்தக் கணினியின் மதர்போர்டில் விசைப்பலகைக்கும் டேப்பு கேசட்டுக்கும் மட்டுமே நேரடி இணைப்பு. திரை வேண்டுமா? கார்டு. ஃப்ளாப்பி வேண்டுமா? கார்டு. கூடுதல் நினைவகம் வேண்டுமா? அதற்கும் கார்டு. ஆனால் ஐ.பி.எம். செய்த பெரிய காரியம் ஸ்லாட் வைத்தது அல்ல. அந்த ஸ்லாட்டின் எந்தத் தொடுமுனையில் எது ஓடுகிறது என்று சுற்றுப்படத்தோடு புத்தகம் போட்டு விற்றது. புத்தகத்தைப் படித்தவன் எவனும் கார்டு செய்யலாம். கம்பெனி வாசலில் நிற்க வேண்டியதில்லை.

அன்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் இங்கேதான் நம் கதை வருகிறது.

ஐ.பி.எம். கணினி ஆங்கிலத்துக்காகச் செய்தது. அதன் எழுத்துத் திரை கார்டில் எழுத்துருவம் மாற்ற முடியாதபடி பதிந்திருந்தது. வண்ணக் கார்டின் நுணுக்கமோ போதாது. கலிஃபோர்னியாவில் இருந்த தாய்லாந்துக்காரர் வான் சுவன்னுகுல் தம் ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் எழுத விரும்பினார். இயந்திரம் மறுத்தது. என்ன செய்தார்? ஆங்கிலத்திலேயே எழுதித் தொலைக்கிறேன் என்று போனாரா? இல்லை. 720க்கு 348 புள்ளிகள் கொண்ட புதிய திரை கார்டைத் தாமே உருவாக்கினார். 1982இல் ஹெர்குலீஸ் என்ற கம்பெனி பிறந்தது. தாய் எழுத்துக்காகப் பிறந்த கார்டு உலகமெங்கும் கணக்கர் மேசையிலும் வரைபடக்காரர் மேசையிலும் ஏறியது. நம் ஊர் டி.டி.பி. கடைகளின் பழைய ஆட்களைக் கேளுங்கள், அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

தாய் எழுத்துக்கு ஒரு கார்டு. தமிழுக்கு?

தமிழுக்கும் வந்தது. ஐ.ஐ.டி. கான்பூரில் 1980களில் இந்திய எழுத்துகளுக்கான ஆய்வு நடந்தது. அந்த வேலை, 1988இல் தொடங்கிய புனே சி-டாக் நிறுவனத்துக்குப் போய், ஜிஸ்ட் கார்டு என்று வெளிவந்தது. அதை ஸ்லாட்டில் சொருகினால், டாஸில் ஓடிய ஆங்கிலப் புரோகிராம்களுக்குள்ளேயே தமிழ் தெரிந்தது, இந்தி தெரிந்தது, தெலுங்கு தெரிந்தது. அதற்கென்று இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை அமைப்பு: க-வுக்கு எந்த விசையோ, எல்லா இந்திய மொழிக்கும் அதே விசை. 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இஸ்கி என்ற குறியீட்டைத் தரநிலையாக அறிவித்தது. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய கட்டங்களின் வரிசை அதன் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியது. 2000ஆம் ஆண்டு விண்டோஸில் லதா எழுத்துருவோடு தமிழ் நேரடியாக வந்தபோது கார்டின் வேலை முடிந்தது. இன்று உங்கள் கைப்பேசியில் தமிழ் சாதாரணமாக ஓடுகிறது. அதற்கு முன்னால் தமிழ், கணினிக்குள் ஸ்லாட் வழியாகவும் ஏறிப் போயிற்று. தமிழ்க் கணிமையைப் பற்றி எத்தனையோ மாநாடுகளில் பேசுகிறோம். இந்த ஒரு கார்டை நினைப்பவர்கள் குறைவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, பெட்டி திறந்தபடி காத்திருக்கிறது. வேலைக்கு வருவோம்.

கார்டை ஓரங்களில் பிடியுங்கள். கீழே தங்கம் பூசிய பற்கள் இருக்கின்றனவே, அவற்றில் விரல் படக் கூடாது. மதர்போர்டில் நீளமான ஸ்லாட் இரண்டு இருந்தால், செயலிக்கு அருகில் இருப்பதைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றொன்று பார்வைக்கு நீளம், உள்ளே ஒயரிங் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். மாற்றிச் சொருகிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். ஸ்லாட்டின் நடுவே ஒரு தடுப்பும் கார்டில் அதற்கேற்ற வெட்டும் உண்டு. பி.சி.ஐ. என்ற பழைய வகைக் கார்டு, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற புதிய வகை ஸ்லாட்டில் இறங்கவே இறங்காது. ஆனால் 36 தொடுமுனை கொண்ட குட்டிக் கார்டு 164 தொடுமுனை கொண்ட நீள ஸ்லாட்டில் சுகமாக உட்காரும். பழைய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டைப் புதிய பலகையில் சொருகினாலும் ஓடும். புதியதைப் பழையதில் சொருகினாலும், வேகம் குறைந்து ஓடும். தரநிலையை அப்படி எழுதியிருக்கிறார்கள்.

தகட்டின் கீழ் நுனியைக் கேபினெட்டுக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் விடுங்கள். இரண்டு கட்டை விரலையும் கார்டின் இரு முனையிலும் வைத்து, சமமாக, நேராக அழுத்துங்கள். ஆட்டாதீர்கள், சாய்க்காதீர்கள். ஸ்லாட்டின் கடைசியில் உள்ள கொக்கி 'டிக்'கென்று பூட்டும். தங்கப் பற்கள் வெளியே தெரிகின்றனவா? தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை. இறங்கிய பிறகு ஸ்க்ரூவை முடுக்குங்கள். ஸ்க்ரூ போடாமல் விடுவது நம் ஊரில் பலருக்கும் பழக்கம். பிறகு மானிட்டர் கேபிளை இழுக்கும்போது கார்டு தலை தூக்கிவிடும். பலகை மேல் விழுந்த ஸ்க்ரூ இருந்தால் எடுத்த பிறகே மின்சாரம்.

இனிமேல் சொல்லப் போவதுதான் கடைக்காரர்களுக்கு அதிகம் சோறு போடும் பிழை. எல்லாம் சரியாகப் பொருத்தி, மானிட்டர் கேபிளைப் பழைய இடத்திலேயே, மதர்போர்டின் ஓட்டையிலேயே சொருகிவிடுவார்கள். திரை கருப்பாக இருக்கும். கார்டு டெட், மாற்றிக் கொடு என்று சண்டைக்குப் போவார்கள். கேபிள் கார்டுக்கு மாற வேண்டும் ஐயா, கார்டுக்கு! அப்படியும் படம் வரவில்லையென்றால், கழற்றி மறுபடி பொருத்துங்கள். கழற்றும்போது கொக்கியை அழுத்திய பிறகே தூக்குங்கள். நினைவகத்தையும் ஒருமுறை எடுத்துச் சொருகுங்கள். பற்களை ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்க் கைவைத்தியம். பழைய கார்டுக்குப் பலிக்கும், மெதுவாகத் தேய்த்துத் துகளைத் துடைத்துவிட வேண்டும், புதுக் கார்டுக்குத் தேவையே இல்லை.

ஆன் செய்தால் கணினி கார்டைத் தானே கண்டுபிடிக்கிறது. இதை ஏதோ சாதாரணம் என்று நினைக்காதீர்கள் தம்பிகளே. 1990களின் தொடக்கத்தில் ஒரு சவுண்ட் கார்டு பொருத்தியவர்களைக் கேளுங்கள். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் கொண்டுவந்தது. அதில் ஜம்பர் என்று நெல்மணி அளவு பிளாஸ்டிக் தொப்பிகள். முகவரி 220, ஐ.ஆர்.க்யூ. 7, டி.எம்.ஏ. 1 என்று கையால் அமைக்க வேண்டும். ஏழாம் எண்ணோ வழக்கமாக பிரிண்டருக்கு உரியது. இரண்டும் மோதினால் பாட்டு திக்கும், அல்லது இயந்திரம் உறைந்து நிற்கும். ஐந்துக்கு மாற்று, மறுபடி ஆன் செய், மறுபடி அணை.

அந்தத் தொல்லையை யார் தீர்த்தார்கள்? இங்கேயும் ஒரு சண்டை. 1987இல் ஐ.பி.எம். புதிய ஸ்லாட்டோடு வந்தது. மைக்ரோ சேனல் என்று பெயர். அருமையான பொறியியல், கார்டுகளை மென்பொருளே அமைத்துக்கொள்ளும். ஆனால் பழைய கார்டு எதுவும் ஏறாது, மற்றவர்கள் செய்ய வேண்டுமானால் காசு கட்ட வேண்டும். விட்ட இடத்துக்குக் கேட் போட்டார்கள். காம்பேக் முதலான ஒன்பது நிறுவனங்கள் 1988இல் கூடி, பழைய கார்டும் ஏறும் புது ஸ்லாட்டை அறிவித்தன. இரண்டுமே பெரிதாகப் பரவவில்லை. 1992இல் இன்டெல் தந்த பி.சி.ஐ. எல்லோரிடமும் பரவியது. அந்தக் கார்டு ஒவ்வொன்றும் தன்னைச் செய்தவர் எண்ணையும் தன் எண்ணையும் உள்ளேயே வைத்திருந்தது. கணினி கேட்டால் சொல்லும். இன்டெல்லுக்குரிய எண் எது தெரியுமா? 8086, அதன் புகழ்பெற்ற செயலியின் எண். கொஞ்சம் பெருமைதான், போகட்டும். உங்களுக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் அடையாளத்தோடு பெயர் தெரியாத கார்டு நின்றால், அதன் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். அந்த இரண்டு எண்ணை வைத்தே சரியான டிரைவர் மென்பொருளைத் தேடிவிடலாம்.

பி.சி.ஐ.க்குப் பிறகு யு.எஸ்.பி.யும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸும் வந்தன. பரோடா பல்கலைக்கழகத்தில் படித்து இன்டெல்லுக்குப் போன அஜய் பட், யு.எஸ்.பி.யை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸிலும் அவர் பங்கு பெரிது. வேடிக்கை பாருங்கள்: யு.எஸ்.பி. வந்து எத்தனையோ கார்டுகளுக்கு வேலையில்லாமல் செய்தது. ஒலியும் நெட்வொர்க்கும் மதர்போர்டுக்குள்ளேயே போய்விட்டன. அப்படியானால் இனி ஸ்லாட் எதற்கு?

2012ஆம் ஆண்டு டொரொன்டோ பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, பெற்றோர் வீட்டுத் தம் அறையில் இருந்த கணினியில், விளையாட்டுக்காக விற்கும் ஜி.டி.எக்ஸ். 580 கார்டு இரண்டைப் பொருத்தினார். ஒவ்வொன்றிலும் 3 ஜி.பி. நினைவகம். அவற்றில் ஐந்தாறு நாள் ஓடிப் படங்களை அடையாளம் காணக் கற்ற அலெக்ஸ்நெட் என்ற புரோகிராம், அந்த ஆண்டின் இமேஜ்நெட் என்ற பட அடையாளப் போட்டியில் மற்றவர்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. இன்று செயற்கை நுண்ணறிவு என்று ஊரே பேசுகிறதே, அந்த ஓட்டம் வேகமெடுத்த இடங்களில் அது முக்கியமானது. பொருத்தியது எங்கே? நாம் இப்போது தகடு கழற்றினோமே, அதே மாதிரியான காலி ஸ்லாட்டில். இதற்காகத்தான் என்று தெரிந்து யாரும் அந்த இடத்தை விடவில்லை.

ஸ்லாட் இல்லாமல் கணினி செய்தவர்களும் உண்டு. வாஸ்னியாக்கின் எட்டு ஸ்லாட்டை விற்ற அதே ஆப்பிள், 1984இல் முதல் மெக்கின்டாஷில் ஒரு ஸ்லாட்கூட வைக்கவில்லை. 1987இல் மெக்கின்டாஷ் 2 வந்தபோது ஆறு ஸ்லாட்டோடு வந்தது. இன்றைய மெல்லிய லேப்டாப்களில் நினைவகத்தையே பலகையோடு சால்டர் செய்துவிடுகிறார்கள். வாங்கிய நாளில் என்னவோ, கடைசி நாளிலும் அதுவே. எடைக்கும் அழகுக்கும் அதை வாங்குபவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு ஒரே ஒரு கணினிதான் வாங்க முடியும், பத்து வருஷம் ஓட்ட வேண்டும் என்ற குடும்பத்துக்கு, ஸ்லாட் உள்ள மேசைக் கணினியைத்தான் நான் சொல்வேன்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பள்ளிக் கணினி அறையில் ஓடாமல் நிற்கும் பெட்டிகள் உண்டு. அவற்றை எடைக்குப் போடும் முன், மேலிடத்து அனுமதி வேண்டுமென்றால் அதையும் வாங்கிக்கொண்டு, ஒன்றை மட்டும் எடுத்து வையுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி அப்புறப்படுத்திவிடுங்கள்; பிறகு பெட்டியில் மின்சார ஆபத்து இல்லை. பக்கக் கதவைக் கழற்றி மேசை மேல் படுக்க வையுங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழைய கார்டு ஒன்று. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும், பெண் பிள்ளைகளும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதை ஒருமுறையாவது பொருத்திக் கழற்றட்டும். வரும் கல்வியாண்டின் முதல் மாதத்திலேயே இதைச் செய்யுங்கள்.